அவள் தைத்த பொத்தான்

3.7.1999, சனி
கூடலூர்

மத்தியானம் ஜம்முவில் பட்டாளத்தில் இருக்கும் அவருடைய கடிதம் வந்தது. எப்போதும் போல அத்தை பேருக்குத்தான் எழுதியிருந்தார். அத்தைக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டினேன்.

நான்கு பக்கத்தில் சண்டையைப் பற்றி இரண்டே வரி. மற்றதெல்லாம் சனி ஞாயிறு கூட்டாளி மோகன் வீட்டுக்குப் போய்வந்த கதை. மோகன் மனைவி புளிக்குழம்பு வைத்தாளாம். இவர் சட்டையில் பொத்தான் அறுந்திருந்ததாம். கழற்றக்கூட விடாமல், போட்டிருந்த சட்டையிலேயே அவள் தைத்துவிட்டாளாம். தைத்தது யார் என்ற இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"ஏத்தா, ஏன் நிறுத்திட்ட? யாரு தச்சு விட்டாகளாம்?"

"மோகனோட அம்மா, அத்தை" என்று சொல்லிவிட்டேன்.

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த ஆத்தா நல்லா இருக்கணும். அவுகளுக்குக் கால் கிலோ ஏலக்காய் பார்சல் போட்டு விடு."

அவர் லீவில் வந்தால் பாயசம் வைக்க என்று நான் எடுத்து வைத்திருந்த ஏலக்காய்! அதைத் துணியில் கட்டி, நாலு பக்கமும் தைத்து, அவள் வீட்டு விலாசத்தையும் என் கையாலேயே எழுதினேன். ஊசி இரண்டு தடவை விரலில் குத்தியது.

கடிதம் எழுதிப் பதினைந்து நாள் ஆகிறது. அதற்குப் பிறகு அவரை மலைக்கு மேலே சண்டைக்கு அனுப்பினார்களோ என்னவோ.

நாளை ஞாயிறு. நாளையும் அவர் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடட்டும், சாமி. அவளே பரிமாறட்டும். பொத்தான் அறுந்தால் மட்டும் அப்படியே விடட்டும். இங்கே வந்ததும் நான் தைத்துக்கொள்கிறேன்.