பிரியும் இரண்டு கோடுகள்

உன் கிராஃப் கால்குலேட்டருக்கு இன்று பேட்டரி மாற்றினேன். போன மாதம் உன் காரியம் முடிந்தபின் ஸ்ரீரங்கத்து வீட்டில் உன் அம்மா என் கையில் கொடுத்தது. திரை முழுதாக வந்தது. மேலே வரைபடம், கீழே எண்கள் என்று அதை இரண்டாகப் பிரிக்க எந்தப் பட்டன் என்று விரல்களுக்கு மறந்துபோயிருந்தது. தேடிப் பிரித்ததும், ஃபர்னஸின் அனல் முகத்தில் அடித்ததுபோல் இருந்தது.

சில வருஷம் முன்னால் அன்று நம் கம்பெனி ஃபர்னஸுக்குள் கிடந்தது பெரிய பாய்லர் டிரம், நீராவி தேங்கும் இரும்பு உருளை. வெல்டிங் முடிந்தபின் அதைச் சூடாக்கி, பர்னர்களைச் சிறுகச் சிறுகக் குறைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். இரண்டு முனைகளும் ஒன்றுபோல ஆற வேண்டும். இல்லையென்றால் வெல்டில் விரிசல் விழும். வெப்பத்தைத் தாளில் வரையும் கருவி காலையிலேயே நின்றுபோயிருந்தது. நான் மீட்டரைப் பார்த்து இரு முனைகளின் வெப்பத்தையும் சொல்லச் சொல்ல, உன் அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய இந்தக் கால்குலேட்டரில் நீ ஏற்றிக்கொண்டிருந்தாய்.

மதியம் மேனேஜர் வந்தார். "லாரி வந்து நிக்குது. நம்பர் எல்லாம் இறங்கிட்டுதானே இருக்கு? கதவத் திறங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. கீழ்ப் பாதியில் எல்லா எண்களும் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. நீ திரையை அவர் பக்கம் திருப்பினாய். "மேல பாருங்க சார். இவ்வளவு நேரம் சேர்ந்து வந்த ரெண்டு கோடும் இப்ப பிரியுது. கதவுப் பக்கம் வேகமா ஆறுது."

"இந்தப் பொம்மைய வச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்காதீங்க." ஃபர்னஸ் ஆபரேட்டர் செல்வத்திடம், "கதவு சுவிட்சப் போடுப்பா" என்றார்.

செல்வம் எழுந்தார். அதற்குள் நீ போய்ச் சுவரில் இருந்த சுவிட்சுக்கு முன்னால் நின்றுவிட்டாய். உன் வேலை அன்றே போயிருக்கலாம். உன் சம்பளத்தில்தான் உங்கள் வீடு நடந்தது என்பது எனக்குத் தெரியும்.

"விரிசல் விட்டா இங்க தெரியாது சார். போற ஊர்ல நீராவி ஏறினப்புறம்தான் தெரியும். அங்க பக்கத்துல ஆள் நிப்பாங்க."

நான் கதவுப் பக்கம் ஓடினேன். அடியில் நின்றபோது முழங்காலுக்குக் கீழே சுட்டது. கதவின் இடுக்கை அடைக்கும் வெப்பப் பஞ்சு ஒரு மூலையில் நழுவிக் கிடந்தது. அந்த வழியாகத்தான் சூடு வெளியேறிக்கொண்டிருந்தது. "இங்க ஓட்டை இருக்கு சார்" என்று கத்தினேன்.

மேனேஜர் வந்து குனிந்து பார்த்தார். கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

செல்வமும் நானும் நீளக் கம்பியால் பஞ்சைத் தள்ளி அடைத்தோம். நீ கதவுப் பக்கத்துப் பர்னர்களை மட்டும் சற்று ஏற்றச் சொன்னாய். அப்புறம் காத்திருப்புதான். ஒவ்வொரு புள்ளி விழும்போதும் திரைமேல் குனிந்தோம். கோடுகள் நெடுநேரம் விலகியே இருந்தன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கின. லாரி காலியாகத் திரும்பிப் போனது.

சோதனையில் டிரம்மில் விரிசல் ஏதும் இல்லை. அதற்காக யாரும் உன்னைப் பாராட்டவில்லை. அடுத்த வாரமே ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷம் கழித்துத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். அதற்குள் உன் உடம்பில் நோய் தொடங்கியிருந்தது. நம் இருவருக்கும் அது தெரியாது.

லாரி திரும்பிப் போன அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "பயமா இல்லையாடி உனக்கு?"

"பயமில்லாம என்ன? கால் ரெண்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. அவர் பார்த்துடக் கூடாதேன்னுதான் சுவத்துல சாஞ்சு நின்னேன்."

அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிப்போனாய்.

போன வாரம் ஒரு சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொல்லி என்னைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். அந்தச் சோதனை நடக்கவே இல்லை. முடியாது என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது. கால்கள் ஆடின. பின்னால் சுவர் இருக்கிறதா என்று பார்த்துச் சாய்ந்துகொண்டேன்.