சொம்பு சொம்பாய்க் கஞ்சித் தண்ணி

தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குக் கிளம்பிய ரங்கநாயகி, நின்று யோசித்துவிட்டு உள்ளே வந்து காலண்டர் தாளொன்றைக் கிழித்தாள். புருஷன் ஆறுச்சாமி விடியும்போதே வயலுக்குப் போய்விட்டார். இரண்டு நாளாக அவளோடு பேச்சில்லை. சோற்றை ஒரு கரண்டியாகக் குறைத்தும் அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. "கோவிந்தாபுரத்துக் கடையில திருட்டுத்தனமா பரோட்டா திங்கறீங்க" என்று அவள் கத்தியதிலிருந்து வந்த மௌனம் அது.

தாளின் பின்பக்கம் எழுதினாள்:

"மாமா, கொள்ளுப் பருப்பும் முருங்கைக் கீரையும் மூடி வெச்சிருக்கறேனுங்க. சோறு ஒரு கரண்டிதான். கஞ்சித் தண்ணியத் தேடாதீங்க, எருமைக்கு ஊத்திட்டேன்."

அதோடு நிறுத்தத்தான் நினைத்தாள். கை நிற்கவில்லை.

"நேத்து எங்க வேலைக்காரங்க கூட்டத்துக்கு வந்த நர்ஸம்மாகிட்டக் கேட்டேனுங்க. சோத்து மாவு வடிச்ச தண்ணியிலயும் எறங்கிருமாம், அதுவும் சக்கரைய ஏத்துமாம். பசி தாங்க மாட்டீங்கன்னு உப்புப் போட்டுச் சொம்பு சொம்பாக் குடுத்தது நாந்தானுங்க. நீங்க பரோட்டா திங்கலை."

மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை; எழுதவும் வரவில்லை. அதனால் ஓரத்தில் நெருக்கி, "பசிச்சா மோர் குடிங்க. உறியில இருக்குது" என்று சேர்த்தாள்.

அவர் வந்ததும் கை நீட்டும் அந்தச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்து, தாளை அதன் அடியில் வைத்தாள். படி இறங்கியவள் மறுபடியும் ஏறி வந்தாள். மிச்சமிருந்த மூலையில் பொடி எழுத்தில் எழுதினாள்:

"சாயங்காலம் திட்டோணும்னாத் திட்டுங்க மாமா. வாயத் தொறந்தாப் போதுமுங்க."