அரிசிப் பெட்டிச் சாவி என்னிடம்

சாந்தம்மா,

களி அடுப்போரம் சட்டியில் இருக்கிறது. கீரையும் கடைந்து வைத்திருக்கிறேன். அரிசிப் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கொண்டு போகிறேன், தேடாதே.

கம்பவுண்டரை நானும் நம்பவில்லை. சர்க்கரை வியாதி, சோறு கூடாது என்று எல்லாருக்கும் ஒரே சீட்டுத்தான் எழுதுகிறான். ஆனால் பன்னிரண்டு நாள் சோற்றை விட்டதும் உன் கால் புண் காய்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் சிநேகிதி பூமாரி வீட்டுக்குப் போய் வந்தாய், மறுபடி சீழ். "சும்மா பேசிட்டு வந்தேன்"னு சொன்னாய். பேசின வாயில் எப்படிடி கருவாட்டுக் குழம்பு வாசனை? களிக்கு ஊற்றினேன் என்று சொல்லாதே. அவள் வீட்டில் களி கிண்டுவதே இல்லை, எப்போதும் சோறுதான்.

இன்றைக்கு அவள் தூக்குச்சட்டியோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பு.

சின்னமுத்து

ஏலக்காட்டு வேலைக்கு நானும் களிதான் கொண்டு போகிறேன். புருஷன் சந்தேகப்படுகிறான் என்று அழாதே. உன் காலை வெட்டி எடுக்கணும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டால், இந்த மேட்டில் உன்னைத் தூக்கி நடக்க எனக்குத் தெம்பு இல்லை.