பிராந்திப் பாட்டிலும் பிரிட்டாவின் அட்டையும்

ஸ்ப்ரூஸ் லேக், விஸ்கான்சின்
6 மே 2019

ஆர்லா அக்காவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நேற்று நீ செய்தது உனக்கே நியாயமாகப் படுகிறதா? மகள் கல்யாணத்துக்குப் பிராந்தி வாங்க நீ வேலை செய்யும் கடைக்கு வந்தேன். காசு கொடுப்பவன் நான், ஐம்பத்திரண்டு வயது ஆள். தள்ளுவண்டியிலிருந்து பாட்டிலை எடுத்து உன் கல்லாவில் வைத்தவள் பிரிட்டா, அவ்வளவுதான். "அடையாள அட்டையக் காட்டும்மா" என்று அவளிடம் கேட்டாயே! ஆறு வயதில் தாயை இழந்தவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நீ. வரிசையில் அடுத்து நின்றது அவள் மாமியாராகப் போகிறவள். பிள்ளை கூனிக் குறுகிப்போனாள்.

நம் மாநிலத்தில் குடிக்கும் வயதான இருபத்தொன்று ஆகாவிட்டாலும், அப்பா பக்கத்தில் இருந்தால் இருபது வயதுப் பெண் மதுக்கூடத்திலேயே உட்கார்ந்து குடிக்கலாம். அதே பெண் பக்கத்தில் நின்றால் அப்பாவுக்குக் கடையில் பாட்டில் கிடையாதாம். இது என்ன கூத்து?

கல்யாணத்துக்கு நீ வரவேண்டாம். அவள் அம்மா உட்காரவேண்டிய நாற்காலியில் உன்னை உட்காரவைக்க இருந்தோம். அது காலியாகவே இருக்கட்டும்.

வெர்லின்


9 மே 2019

தம்பி வெர்லினுக்கு,

நீ சொல்வது மாநிலச் சட்டம். நான் நிற்பது கடை விதியில். கூட வருகிறவர்கள் எல்லாரும் இருபத்தொன்றைத் தாண்டியிருக்கவேண்டும். அம்மா இடுப்பில் கைக்குழந்தை இருந்தால் கேட்கமாட்டோம், இருபது வயதுக்காரி இருந்தால் கேட்போம். கோணல்தான். ஆனால் எழுதியவள் நான் இல்லை. "தனியா வாடா" என்று முந்தின நாளே சொன்னேன். நீ எப்போது காதில் வாங்கியிருக்கிறாய்?

தெரிந்த குடும்பமாச்சே என்று போன வருடம் கேட்காமல் விட்டவள் டொரீன், என் பக்கத்துக் கல்லாவில் இருந்தவள். அன்றைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அட்டையை ஏன் கேட்டேன் தெரியுமா? "இவ சின்னவ" என்று சம்பந்தி முன்னால் சொல்ல மனம் வரவில்லை. வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். உன் மகளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. வளர்த்தவள் நான்தானே, என் தப்புதான்.

வேறொருத்தியாக இருந்தால் முகத்தைப் பார்த்து ஏமாந்திருப்பேன். இவள் ஜூலை பதினாறு, காலை ஏழு பத்துக்குப் பிறந்தாள். நர்ஸ் முதலில் என் கையில்தான் கொடுத்தாள். தெரிந்துகொண்டே தெரியாதவள்போல் பில் போட எனக்கு வராது.

கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். அவள் முகம் வாடியது மட்டும் நெஞ்சிலேயே நிற்கிறது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும் தம்பி. எடுத்துவிடாதே.

அக்கா ஆர்லா


14 மே 2019

அக்காவுக்கு,

சிரிக்காதே. உனக்கு விடுமுறை நாளாகப் பார்த்து, தனியாகத்தான் போனேன். உன் கல்லாவில் இருந்த, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னிக்குப் பொண்ணுக்காக வாங்க வந்தவர்தானே நீங்க? குடுக்க முடியாதுங்க" என்றாள். என் வழுக்கைத் தலையை வைத்துக்கொண்டு திருடன்போல வெளியே வந்தேன். முப்பது மைல் ஓட்டிப்போய்ப் பக்கத்து ஊரில் வாங்கினேன்.

உன் கடிதத்தைப் பிரிட்டாவின் மேசையில் வைத்தேன். அவள் எடுத்துப் படிக்கவே இல்லை. அவளே கூப்பிட்டால் வா. அவளை மீறி நான் கூப்பிட முடியாது. கல்யாணம் ஜூன் எட்டு.

வெர்லின்


17 ஜூலை 2019

தம்பிக்கு,

ஜூன் எட்டாம் தேதி நான் வேலைக்குப் போனேன். எல்லாரிடமும் சிரித்துத்தான் பேசினேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

நேற்றுக் காலை கடை திறந்ததும் என் கல்லாவில் முதல் ஆளாக ஒருத்தி நின்றாள். கையில் ஒரே ஒரு பிராந்திப் பாட்டில். நான் வாய் திறப்பதற்குள் அட்டையை நீட்டினாள். அட்டையைப் பார்த்தவள் பார்த்தபடியே நின்றேன்.

"தேதி சரியாத்தானே இருக்கு? எவ்ளோ நேரம் பாப்பீங்க அத்தை?" என்றாள்.

"இன்னிக்கு உனக்கு இருபத்தொண்ணு ஆகுதுன்னு எனக்குத் தெரியாதாடி? பேரைப் பாக்கறேன்."

பிரிட்டா லிண்ட்விஸ்ட். நம் குடும்பப் பெயர் போய் மாப்பிள்ளையின் குடும்பப் பெயர் வந்திருந்தது. உன் மகளுக்குக் கல்யாணம் ஆனதை நான் கண்ணால் கண்டது அந்த அட்டையில்தான் வெர்லின்.

அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. "கல்யாணம் முடிஞ்ச மறுநாள்தான் உங்க லெட்டரப் படிச்சேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்ககிட்ட வர்றதுன்னு தெரியல. உங்க நாற்காலில யாரையும் உக்கார விடல அத்தை. என் பூச்செண்டத்தான் வெச்சிருந்தேன்" என்றாள். வரிசையில் நின்றவர்கள் காத்திருக்கட்டும் என்று கல்லாவைச் சுற்றிக்கொண்டு போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அதற்கு எந்த விதியும் தடை சொல்லவில்லை.

பாட்டில் என் சமையலறையில் இருக்கிறது, திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுக்கிறேன். பிரிட்டாவும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். மேசையருகே உனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். அதில் பூச்செண்டு வைக்கும்படி செய்துவிடாதே.

அக்கா ஆர்லா