மூன்றில் இரண்டு பங்கு

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நானும் மனைவி ஐரினும் மந்தைவெளிக்கு நடந்தே வந்தோம். படியேறும்போது இரண்டாவது மாடி கோதண்டபாணி செய்தித்தாளும் கையுமாக மறித்துக்கொண்டார். "சார், சட்டம் மாறிடுச்சு. இடிச்சுக் கட்ட இனிமே எல்லாரும் கையெழுத்துப் போட வேணாம். மூணுல ரெண்டு பங்கு போதும். நம்ம ஒம்போது வீட்டுல ஆறு!"

வாங்கிப் படித்தேன். அடுக்குமாடி வீட்டு உரிமையாளர்களுக்கான புதிய சட்டம். நடைமுறைக்கு வந்துவிட்டது, விதிகள்தான் இன்னும் வெளியாகவில்லையாம். இதுவரை ஒருவர் மாட்டேன் என்றாலும் வேலை நின்றுவிடும். எங்கள் கட்டடத்தில் அந்த ஒருவர் தேவானை. தரைத்தளத்தில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, இட்லி மாவு ஆட்டி விற்கிறார். விடிவதற்கு முன்பே கிரைண்டர் ஓடத் தொடங்கிவிடும். என் கட்டில் மெல்ல அதிரும். ஒருநாளும் போய்ச் சொன்னதில்லை.

பில்டர்கள் வரும்போதெல்லாம், சங்கச் செயலாளன் என்ற முறையில், நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்திருக்கிறேன்: "எனக்கு ஆட்சேபணை இல்லை. கீழ் வீட்டு அம்மாதான் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்."

எனக்கு ஆட்சேபணை இல்லையா? யோசித்ததே இல்லை. யோசிக்கத் தேவை இருக்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவனுக்கு இது ஒரு கணக்கா? வேண்டும் என்பவர்கள் ஐந்து பேர். ஒரு வீடு பாகப்பிரிவினை வழக்கில் கிடக்கிறது. ஒரு வீட்டுக்காரர் மஸ்கட்டில், எதற்கும் பதில் போடமாட்டார். மிச்சம் தேவானையும் நானும்.

ஆறாவது ஆள் நான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பில்டரின் ஆள் செந்தில்குமார் வந்திருந்தான். நல்ல பையன். "அங்கிள், லிஃப்ட் வருது. ஆன்ட்டி முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மாடி ஏற வேணாம் பாருங்க." கூரையில் காரை பெயர்ந்து துருக்கம்பி தெரியும் இடத்தை, சொல்லாமல், அண்ணாந்து மட்டும் பார்த்தான்.

"விதிகள் வரட்டும், பார்க்கலாம்" என்றேன்.

அவன் போனதும் ஐரின் பிடித்துக்கொண்டாள். "இத்தனை நாள் தேவானை முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சீங்க. இப்போ விதி மேல பாரத்தைப் போட்டாச்சா?"

அவள் சொல்வது சரி.

செப்டம்பர் 30, திங்கள்

விதிகள் வந்துவிட்டன. கோதண்டபாணி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டு முறை படித்துவிட்டேன். ஒளிந்துகொள்ள ஓர் உட்பிரிவுகூட இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

விடாத மழை. தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. தேவானை ஊறவைத்த அரிசியை அண்டாவோடு தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஐரின் காபி கொடுத்தாள். எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ, கேட்டேன்: "இவ்வளவு கஷ்டத்திலும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? புதுக் கட்டடம் உயரமாக இருக்குமே?"

"ஒசரத்துக்கு இன்னா சார் கொறச்சல். எங்க அக்கா, ஆத்தோரக் குடிசைங்கள எடுத்தப்ப ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துக்குப் போச்சே, அதுகூட எட்டாவது மாடிலதான் கீது. கொஞ்ச நாள்ல இங்கயே வந்துடலாம்னு நெனச்சிகினுதான் போச்சு. எங்க வந்துது? ரெண்டு வருசம் நான் வெளிய போய்ட்டா, மாவு வாங்கறவங்க வேற கடை பாத்துக்குவாங்க. அப்பறம் புது வூட்ட வச்சிகினு நாக்கு வழிக்கவா?" என்றவர் சட்டென்று சிரித்தார். "பரவால்ல சார். மத்தவங்கமாரி நீங்க ஒருநாளும் எங்கிட்ட கையெழுத்துக் கேட்டு வந்ததில்ல. நீங்களும் நம்ம கட்சிதானே. படிச்சவரு ஒருத்தரு கூட கீறாருன்னுதான் எனக்குத் தெகிரியம்."

ஐரின் என்னைப் பார்த்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

கூட்டம். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். செந்தில்குமார் சமோசா வாங்கி வந்திருந்தான்.

கோதண்டபாணிதான் ஆரம்பித்தார். "அஞ்சு பேர் ஓகே. இதோ, நம்ம செயலாளர் பவுல்சாமி சார் எப்பவுமே ரெடி. ஆறு ஆச்சு. கீழ் வீட்டம்மா ஒத்துக்காட்டியும் இனிமே கவலை இல்ல."

"சார் எப்ப ரெடின்னாரு?" என்றார் தேவானை.

"பத்து வருஷமா வர்ற பில்டர்கிட்டல்லாம் அதைத்தானேம்மா சொல்றாரு. எனக்கு ஒண்ணுமில்ல, நீங்கதான் தடைன்னு. அவரையே கேளுங்க."

தேவானை என்னைப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். கையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் துடைத்தார்.

எழுந்தேன். நாற்காலி வேட்டியில் மாட்டிக் கூடவே எழுந்தது. யாரோ சிரித்தார்கள். அதைப் பிரித்துக் கீழே வைத்துவிட்டு, "எனக்குச் சம்மதமில்லை" என்றேன்.

"என்ன சார், ஜோக்கா?"

"சம்மதமில்லை."

"காரணத்தைச் சொல்லுங்க சார், பேசித் தீர்த்துக்கலாம்."

"காரணம் இல்லை" என்றேன். ஐயோ!

அக்டோபர் 28, திங்கள்

ஏன் அப்படிச் சொன்னேன்? கட்டடத்துக்காகவா, தேவானைக்காகவா, அவர் பார்த்த பார்வை தாங்காமலா? துருக்கம்பி எனக்கும் தெரியும். நாளைக்குக் காரை விழுந்து யார் மண்டையாவது உடைஞ்சா யாரு பதில் சொல்றது? நானா? ஐரின் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஏறுறப்பல்லாம் என்னத்தச் சொல்லுவேன்? — வாயத் தொறக்காம இருந்திருக்கலாம். எப்பவும்போல.

இன்று கிரைண்டர் ஓடவில்லை. கோபமா, ரிப்பேரா? கேட்கப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். அப்பா அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். கோதண்டபாணி மாடிப்படியில் சுவரோடு ஒட்டி நின்று எனக்கு வழிவிடுகிறார். திட்டிவிட்டால் தேவலை.

நவம்பர் 6, புதன்

கிரைண்டர் ஓடுகிறது. ரிப்பேர்தான் போலிருக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

தேவானை மேலே வந்தார். உட்காரவில்லை, நிலைப்படியிலேயே நின்றார்.

"சார், ஒரு சேதி. நான் கையெழுத்துப் போடப்போறேன்."

எனக்குப் புரியவில்லை. போன வாரம் செந்தில்குமாரும் கோதண்டபாணியும் அவர் வீட்டுக்கு மூன்று முறை போனார்களாம். இதே தெருவில், தரைத்தளத்தில், மாவு ஆட்ட வசதியோடு வாடகை வீடு. வாடகை பில்டருடையது. திரும்பி வரும்போது புதுக் கட்டடத்தில் தெருப் பார்த்த வீடு. வாடகை வீட்டுச் சாவி கைக்கு வந்த பிறகுதான் காலிசெய்வார். எல்லாம் ஒப்பந்தத்திலேயே வருகிறது. படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

"பத்து வருசமா என்னய முட்டுக்கட்டைன்னாங்க சார். நீங்க வேணாம்னு சொன்னீங்க பாரு, அப்பறம்தான் என் வாசல்ல வந்து செருப்பக் கழட்டுறாங்க. ஆறாவது ஆளு நான்தானே இப்ப?"

நான் இந்தக் கணக்கைப் போடவே இல்லை. என் கை விலகினால் அவர் கைக்கு மதிப்பு ஏறும் என்று, ஒரு கணக்கு வாத்தியாருக்குத் தோன்றவில்லை.

"என் மேல கோபமில்லையா?" என்றேன்.

"கீது" என்றார். "கொஞ்ச நாள் இருக்கட்டும்."

டிசம்பர் 8, ஞாயிறு

மறுபடி கூட்டம். ஆதரவு ஆறு. தீர்மானம் நிறைவேறியது. வழக்கம்போல நடவடிக்கைக் குறிப்பை நான்தான் எழுதினேன். "மறுப்பு: அ. பவுல்சாமி, செயலாளர்."

கோதண்டபாணி எட்டிப் பார்த்தார். இப்போதெல்லாம் பேசுகிறார். "இன்னும் எதுக்கு சார் அது? ஏழுன்னு போட்டுடுங்களேன், பார்க்க நல்லா இருக்கும்."

"இருக்கட்டும்" என்றேன். இந்த வயதில் வீடு மாற எனக்குப் பயம். தேடிப் பார்த்ததில் என் காரணம் அவ்வளவுதான். சின்னக் காரணம். ஆனால் என்னுடையது.

கலையும்போது தேவானை என்னிடம் வந்தார். "எங்க சார் வாடகைக்குப் போறீங்க?"

"இன்னும் பார்க்கவில்லை."

"நான் போற வூட்டுக்கு நேர் மேல காலி கீது. அம்மா முட்டிக்குப் பதினாலே படி. ஆனா கிரைண்டர் சத்தம் வரும். ஆவாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. அதான் ஒங்களுக்கு வேணாம்னு சொல்ல வந்துடுச்சே."

அவர் சிரிக்கவில்லை. ஐரின்தான் சிரித்தாள்.

"ஆறு மணிக்கு மேல் போடுவதாக இருந்தால் சரி" என்றேன்.

"ஆறா! யாவாரம் பண்ணவா, கோலம் போடவா? நாலரை."

"ஐந்தரை."

ஐந்தேகால் என்று முடிவாயிற்று.