அதே மாதிரி இன்னொண்ணு

மாப்ளே,

உன் ஹேண்டில்பார் என் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. முன்னறையில் டி.வி.க்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தேன். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ரப்பர் பிடியிலிருந்து, வண்டி கழுவுகிற டீசலும் செயின் ஆயிலும் கலந்த உன் ஞாயிற்றுக்கிழமை வாசம் வந்தது. இடது பிடியில் உன் கட்டைவிரல் படும் இடம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பொறாமை. தேய்ந்த இடம்கூட உனக்கு அழகாகத் தேய்ந்திருக்கிறது.

செத்துப்போனவன் மேல் என்னடா பொறாமை என்று யாரும் கேட்கலாம். தேனியில் ஒரே கடையில், ஒரே வாரத்தில், ஒரே கறுப்பில் க்ரூஸர் பைக் எடுத்தவனுக்குத்தான் என் கஷ்டம் புரியும். எடுத்த புதிதில் சின்னமனூர் மார்க்கெட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எது யாருடையது என்று நமக்கே குழம்பும். சில மாதங்களில் நீ உயரமான ஹேண்டில்பார் வாங்கி மாட்டினாய். அதோடு குழப்பம் தீர்ந்தது. டீக்கடையில் உன் வண்டிக்கு 'ஒசந்த ஹேண்டில் வண்டி' என்று பெயர் வந்தது. என் வண்டிக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். 'அதே மாதிரி இன்னொண்ணு.'

என் வாழைக்காய் மண்டிக்கு வழி கேட்டு வருகிறவர்களிடம்கூட, "வாசல்ல ஒரு கறுப்பு வண்டி நிக்கும். ஒசந்த ஹேண்டில் வண்டி தெரியும்ல, அதே மாதிரி இன்னொண்ணு" என்றுதான் டீக்கடைக்காரர் சொல்வார். அந்தப் பெயரைப் போக்க வேண்டும் என்பதுதான் இத்தனை வருடமும் எனக்கிருந்த ஒரே வெறி. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. நீ போன பிறகு சொல்கிறேன், சிரித்துக்கொள்.

ஹேண்டில்கூடப் பெரிதில்லை. அதைப் பிடித்து நீ உட்காரும் விதம் இருக்கிறதே, அதுதான் என் வயிற்றெரிச்சல். தோள் இறங்கி, முழங்கை லேசாக மடங்கி, வீட்டில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படிக்கிறவன் மாதிரி கோம்பையிலிருந்து தேவாரத்துக்குப் போவாய். ஹேண்டிலை யார் செட் பண்ணியது என்று எவன் கேட்டாலும் உன்னிடம் ஒரே பதில்தான். "நாந்தேன்." ஆயில் மாற்றியது யார்? "நாந்தேன்." எஞ்சினில் டேப்பெட் சரிபார்த்தது? "நாந்தேன். எம் வண்டிய எவனையும் தொட விடமாட்டேன் மாப்ளே." அந்த 'நாந்தேன்' என் காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் விடவில்லை. மதுரைக்குப் போய் அதே உயரத்தில் ஒரு ஹேண்டில்பார் வாங்கி வந்து, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானே மாட்டினேன். நேராக மேகமலைக்கு விட்டேன். மேலே ஒரு வளைவில் இடது பக்கம் ஒடித்துத் திருப்பினால், ஆக்சிலேட்டரை நான் தொடவேயில்லை, எஞ்சின் தானாக உறுமிக்கொண்டு பாய்கிறது. தேயிலைச் செடிக்குள் போய் நின்றேன். பின்னால் வந்த நீ இறங்கி, எனக்கு ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு சிரித்தாய் பார், அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"கையத் தூக்குனா சட்டைக் கை பத்தாமப் போகுதுல்ல? ஹேண்டில ஏத்துனா கேபிளும் அப்டித்தேன் மாப்ளே. நீளக் கேபிளு போடணும். போட்டுட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணி, நின்ன எடத்துலயே ஹேண்டில இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பிப் பாரு. சத்தம் மாறக் கூடாது."

நீளக் கேபிள் போட்டேன். சத்தம் மாறவில்லை. ஆனால் உன் உட்கார்வு எனக்கு வரவில்லை. வேறு இரண்டு ஹேண்டில்பார் வாங்கியும் பார்த்தேன். ஒன்றில் தோள் வலித்தது, ஒன்றில் மணிக்கட்டு. கடைசியில் வண்டியோடு வந்த கம்பெனி ஹேண்டிலையே திரும்ப மாட்டிவிட்டு, எனக்கு இதுதான் பிடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

நீ எப்படித்தான் செட் பண்ணுகிறாய் என்று பார்க்க எத்தனை ஞாயிறு கோம்பைக்கு வந்திருப்பேன்! கேட்டைத் தாழ் போட்டுவிட்டு, "வேலை முடியட்டும், அப்பறம் வா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாய். ஏதோ தொழில் ரகசியம் என்று நினைத்து, தெருமுனையில் நின்று பொருமுவேன். பிறகு கேட்டைத் திறந்ததும் உன் மனைவி காபி கொண்டு வருவாள். அவள் மணிக்கட்டில் கறுப்பாக ஏதாவது அப்பியிருக்கும். அடுப்புக்கரி என்று நினைத்தேன். கேஸ் அடுப்பில் கரி ஏது என்று இந்த மரமண்டைக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

நெஞ்சுவலி என்று படுத்தவன் எழுந்திருக்கவேயில்லை. உன்னைத் தூக்கியபோது கம்பத்திலிருந்தும் குமுளியிலிருந்தும் வண்டிக்காரர்கள் வந்து, ஹாரன் அடிக்காமல், சுடுகாடு வரை உன் பின்னால் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார்கள். நான் முன்னால் தோள் கொடுத்துக்கொண்டிருந்தேன். அழுதுகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, நமக்கு இத்தனை பேர் வருவார்களா என்று நினைத்தேன். அதிலும் நீதான் ஜெயித்தாய்.

போன ஞாயிறு உன் மனைவி போன் செய்து வரச் சொன்னாள். போனால், உன் வண்டி வாசலில் துடைத்து நிற்கிறது. அதில் கம்பெனி ஹேண்டில். உன்னுடையது சாக்கில் சுற்றித் தரையில் கிடந்தது, நீளக் கேபிளோடு.

"நாந்தாண்ணே இப்ப இத ஓட்டிப் பழகுறேன். அந்த ஹேண்டிலு எனக்குக் கை எட்டல. நீங்க கொண்டு போங்க. ஒங்களுக்கு அதுமேல ஒரு கண்ணுன்னு அவுக அடிக்கடி சொல்லுவாக."

அப்படியானால் உனக்குத் தெரிந்திருக்கிறது. படுபாவி.

"இத யாரும்மா கழட்டி மாட்டுனது?" என்றேன்.

"நாந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

"இதே சொல்லத்தாம்மா அவனும் சொல்லுவான். எல்லாம் நாந்தேன், நாந்தேன்னு."

"அவுகளா? தனியாவா?" அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வண்டில ஒக்காந்துருக்க ஆளுக்குத் தன் தோளு தெரியுமாண்ணே? நாந்தேன் ஸ்பானர எடுத்துக் குடுத்துட்டு, கேட்டுப் பக்கத்துல அங்கன நிண்டு பாத்துச் சொல்லுவேன். கொஞ்சம் எறக்குங்க, தோளு தூக்குது, இப்பச் சரியா இருக்குன்னு. அந்த ஒசந்த ஹேண்டிலுக்கு மட்டும் ஒரு பகல் பூராம் நிண்டேன். சோறு பொங்கல. நான் நிண்டு சொல்றத வெளில ஆளு பாத்தா அவுகளுக்குக் கூச்சம். அதேன் கேட்டப் பூட்டிருவாக."

சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். பூட்டிய கேட்டுக்கு உள்ளே உன்னை ஒருத்தி ஒரு பகல் முழுக்க நின்று பார்த்திருக்கிறாள். வண்டி, ஹேண்டில், ஊர்வலம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். இதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்று காலை அதை என் வண்டியில் மாட்டினேன். ஏறி உட்கார்ந்தேன். வெகுநேரம் யோசித்துவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டேன். வண்டியைச் சக்களத்தி என்று பேசுகிறவள் அவள்.

"கொஞ்சம் கேட்டுப் பக்கத்துல நிண்டு பாரு. எப்பிடி இருக்கு?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சந்தேகமாக என்னைப் பார்த்தாள். "நெசமாத்தேன் கேக்குறீகளா?" என்றாள். பிறகு, "பஸ்ஸுல கம்பியப் பிடிச்சுத் தொங்குற மாதிரி இருக்கு. எறக்குங்க."

போல்ட்டுகளைத் தளர்த்தி இறக்கினேன். போதாது என்றாள். என் பக்கம் இழுத்து வைக்கச் சொன்னாள். வலது தோள் இடதைவிட ஏறியிருக்கிறது என்றாள். அது எனக்கு இத்தனை வருடமும் தெரியாது. அடுப்பில் குழம்பு தீய்ந்த வாடை வந்தும் அவள் நகரவில்லை. கடைசியில், "இப்பச் சரி, விடுங்க" என்றாள். உன் உயரம் அதில் இல்லை. உன் சாய்வும் இல்லை. ஆனால் என் தோள் இறங்கியிருந்தது. ஸ்டார்ட் பண்ணி இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பிப் பார்த்தேன். சத்தம் மாறவில்லை.

மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போனேன். டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, புது வண்டியா?" என்றார். "யாரு செட் பண்ணுனது?"

"எம்பொண்டாட்டி" என்றேன்.

எவ்வளவு நாள் காத்திருந்தேன் அந்தக் கேள்விக்கு! கேட்டதும் என்னை அறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், உன் முகம் எப்படிப் போகிறது என்று. நீ நிறுத்தும் இடத்தில் யாரோ தக்காளிப் பெட்டி அடுக்கியிருந்தார்கள். உனக்கெல்லாம் பொறாமை வராது, தெரியும். இருந்தாலும் இன்னும் கொஞ்ச நாள் இருந்து, ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம், மாப்ளே.