வடக்கு கோல் பக்கத்துக் கோரை

1961, மார்ச் 6, திங்கள்
இன்று கோரை பிடுங்கினேன். வடக்கு கோல் கம்பத்துக்கு முன்னால் மட்டும், இரண்டு பாய் விரிக்கிற அகலத்துக்கு. மைதானத்தில் மற்ற இடமெல்லாம் அறுகம்புல் காய்ந்து கிடக்கிறது. தை மாதத்திலிருந்து மழை இல்லை. இந்தக் கோரைக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?

மார்ச் 9
பிடுங்கிய இடத்திலேயே மறுபடி முளைத்திருக்கிறது.

மார்ச் 13
ஏப்ரல் எட்டாம் தேதி ஹங்கேரியிலிருந்து ஒரு கால்பந்துக் குழு வந்து இங்கே ஆடப்போகிறதாம். கேலரிக்கு மூங்கில் வந்து இறங்கியது. ரோலர் இழுக்கும் ஹெர்பர்ட்டிடம் கோரையைப் பற்றிக் கேட்டேன். குதிகாலால் அழுத்திப் பார்த்தார். "மெத்தை மாதிரி கீதும்மா. ஓடுறவன் கால் இங்க மடங்கிச்சுன்னா முட்டி போச்சு." அவர் முட்டி அப்படித்தான் போனதாம், ரயில்வேக்கு ஆடியபோது. இத்தனை வருஷம் நொண்டுகிறாரே, ஏனென்று நான் கேட்டதே இல்லை.

மார்ச் 16
சூப்பிரண்டு அனந்தபத்மநாபனிடம் சொன்னேன். "புல்லு பிடுங்கறதுதாம்மா உன் வேலை. இன்ஜினியர் எல்லாம் பார்த்துட்டார்." பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இன்ஜினியர் எங்கே பார்த்தார்? கேலரியைத்தானே பார்த்தார்?

மார்ச் 17
கூட வேலை செய்யும் சின்னத்தாயி: "வாயை மூடிக்கினு இரு காந்தா. நாளைக்கு வராதேன்னுட்டா எங்க போவே?"
சரிதான். ஆனால் கோரைக்கு அந்தத் தண்ணீர் எங்கிருந்து —

மார்ச் 21
களைக்கொத்தியால் ஒரு முழம் தோண்டினேன். மண் சில்லென்றிருந்தது. இன்னும் ஒரு சாண். தண்ணீர் ஊறியது. சாக்கடை இல்லை, தெளிந்த தண்ணீர். அப்படியென்றால் குழாய். எந்தக் குழாய்? யாரும் பார்க்குமுன் மூடி மிதித்துவிட்டேன்.

ஏப்ரல் 4
ஹங்கேரிக் குழுவின் பயிற்சியாளர் மைதானம் பார்க்க வந்தார். நரைத்த முடி, பெரிய கைகள். சூப்பிரண்டு அவரை நடுவிலேயே நிறுத்திக் கேலரியைக் காட்டித் திருப்பி அழைத்துப் போகப் பார்த்தார். நான் எழுந்து போய் அந்த மனிதருக்கு எதிரே நின்றேன். பாஷை ஏது? கோல் பக்கம் கையைக் காட்டி நடந்தேன். பின்னாலேயே வந்தார். ஈர இடத்தை மிதித்துக் காட்டினேன். அவர் மண்டியிட்டு உள்ளங்கையை வைத்து அழுத்தினார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.
அவர் போனதும் சூப்பிரண்டு சொன்னார்: "நாளையிலேர்ந்து வரவேணாம்மா."
வந்துட்டேன். வீட்ல இன்னும் சொல்லலை. என்னன்னு சொல்வேன், கோரையால வேலை போச்சுன்னா?

ஏப்ரல் 7
ஹெர்பர்ட் அந்தக் காலை வைத்துக்கொண்டு நீலசந்திராவில் என் வீடு வரை நடந்தே வந்தார். அந்தப் பயிற்சியாளர் விடாமல் கேட்டதால் நேற்றுத் தோண்டினார்களாம். மூன்றடி ஆழத்தில் வெள்ளைக்காரன் காலத்து மிலிட்டரிக் குழாய், விரல் நுழையும் ஓட்டையோடு. அடைத்து, புது மண் கொட்டி, நாளெல்லாம் ரோலர் ஓட்டியிருக்கிறார். "இன்ஜினியர் கண்டுபுடிச்சார்னு சூப்பிரண்டு சொல்லிக்கினு கீறார்." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரலை. போகும்போது நாளைய ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட்டைக் கையில் வைத்தார். பொம்பளைங்க போவாங்களா?

ஏப்ரல் 8
போனேன். அவர்களுக்கு நாலு கோல், நமக்கு ஒன்று. ஜனம் பந்தைப் பார்த்தது; நான் வடக்கு கோல் முன்னால் ஓடும் கால்களைப் பார்த்தேன். இடைவேளைக்குப் பிறகு நம் ஆட்டக்காரர் ஒருவர் அங்கே முழு வேகத்தில் திரும்பினார். திரும்பி ஓடிவிட்டார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 26
சூப்பிரண்டு ஆள் அனுப்பினார். அடுத்த மாதம் பர்மா குழு வருகிறதாம். போனபோது மைதானத்தில் தனியாக நின்றிருந்தார்.
"வேற எங்கெல்லாம் சந்தேகம்னு நடந்து காட்டும்மா" என்றார்.
தெற்கு மூலையிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பின்னால் வந்தார்.